பால் வெள்ளை, டயர் ஏன் கறுப்பு?

ஆறாம் ஆண்டு அறிவியலில் உராய்வு விசை வரும்போது நாம் எல்லாரும் டயரைத்தான் உதாரணம் காட்டுகிறோம். டயரில் வரிப்பள்ளம் இருக்கு, அதனால் வழுக்காமல் ஓடுது என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். ஒரு முறை அந்த இடத்தில் ஒரு மாணவி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், எங்க பாட்டி பால் மரம் வெட்டினவங்க. மங்குல விழற பால் வெள்ளையாத்தான் இருக்கும்னு சொன்னாங்க. அப்புறம் டயர் மட்டும் ஏன் கறுப்பு? சாயம் போடறாங்களா?"

சாயம் இல்லம்மா, கரி என்று சொன்னேன். அது சரியான பதில்தான், ஆனால் பாதி பதில். சரியாகச் சொல்ல வேண்டுமானால் நாரும் நானோ அளவுத் துகளும் சேர்ந்த பாலிமர் எப்படித் தேய்மானத்தைத் தாங்குகிறது என்பதையே சொல்ல வேண்டும். இடைநிலைப்பள்ளி வேதியியலில் கூட்டுப்பொருள் படிவம் நான்கிலும், இயற்கை ரப்பர் படிவம் ஐந்திலும் வருகின்றன. ரெண்டும் ஒன்றாகச் சேரும் பொருள் டயர். பாடநூலிலோ ரப்பர் பால் கட்டியாவதோடும் கந்தகம் சேர்ப்பதோடும் கதை நின்றுவிடுகிறது. தோட்டத்துக்கு வெளியே அந்தப் பாலுக்கு என்ன ஆச்சு என்று நம் பிள்ளைகள் கேட்டால் கையில் ஏதாவது இருக்கட்டும் என்றுதான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு திருத்தம். வரிப்பள்ளத்தால் உராய்வு கூடுவதில்லை. காய்ந்த சாலையில் பள்ளமே இல்லாத மொட்டை டயர்தான் நன்றாகப் பிடிக்கும். செப்பாங்கில் 2009 முதல் 2017 வரை ஃபார்முலா 1 பந்தயம் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: மழை வந்தால்தான் பள்ளம் வெட்டிய டயருக்கு மாறுவார்கள். பள்ளம் இருப்பது தண்ணீரை ஒதுக்க. நம்ம ஊர் சாயங்கால மழைக்கு அது உயிர்நாடி. அந்தப் பள்ளம் ஆழம் குறையாமல் எத்தனை நாள் இருக்கும் என்பதுதான் தேய்மானக் கேள்வி. மலாய்க்காரர்கள் இதைப் 'டயர் பூ' என்று சொல்லும் சொல் எனக்குப் பிடிக்கும். பூ உதிர்ந்தால் டயர் முடிந்தது.

வெள்ளை டயர் இருந்த காலம்

1839-இல் சார்ல்ஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கும் வழியைக் கண்டார். 1888-இல் ஜான் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். அந்தக் காலத்து டயர்கள் கறுப்பு இல்லை. ரப்பரோடு துத்தநாக ஆக்சைடு கலப்பார்கள், வெளிர் நிறமாக இருக்கும். மிஷலின் நிறுவனத்தின் டயர் பொம்மை இன்றும் வெள்ளையாக இருக்கிறதே, அதற்குக் காரணம் அது 1898-இல் பிறந்தது.

1904-இல் லண்டனில் சில்வர்டவுன் ரப்பர் ஆலையில் வேலை பார்த்த எஸ்.சி. மோட் என்பவர், கார்பன் பிளாக் என்ற கரிப்பொடியைக் கலந்தால் ரப்பர் வலுவாகிறது என்று கவனித்தார். எண்ணெயையோ எரிவாயுவையோ காற்றுப் பற்றாத தீயில் எரித்தால் படியும் புகைக்கரிதான் அது. விளக்குச் சிமினியில் படிந்த கரிக்குத் தூரத்துச் சொந்தம். அமெரிக்காவில் அந்தக் கரியை டயர் ஆலைகளுக்கு விற்றவர்களில் ஒருவர் பின்னி அண்டு ஸ்மித் நிறுவனம். பிள்ளைகள் பையில் இருக்கும் கிரயோலா வண்ணக்குச்சியைச் செய்ததும் அதே நிறுவனம்தான்.

கரி சேராத ரப்பர் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிடும். இன்றைய கார் டயர் நாற்பதாயிரம் ஓடுகிறது. இத்தனை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? கரி ரப்பரை விடக் கடினமானது, அதனால்தான் தேயவில்லை என்று நினைப்போம். நானும் அப்படித்தான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது தவறு. சுண்ணாம்புத்தூளும் ரப்பரை விடக் கடினமானதுதான். அதைக் கலந்தால் அழிப்பான் கிடைக்கும், டயர் கிடைக்காது. தேய்வதற்கென்றே செய்த பொருள் அழிப்பான்!

ஒரு கிராமில் ஒரு பூப்பந்துத் திடல்

வித்தியாசம் துகளின் அளவிலும், ரப்பர் அதில் ஒட்டும் விதத்திலும் இருக்கிறது. டயரின் மேல்ரப்பரில் பயன்படும் ஒரு கார்பன் பிளாக் வகையின் பெயர் என் 330. அதன் அடிப்படைத் துகள் 26 முதல் 30 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. துகள் சிறிதாகச் சிறிதாக, அதே எடைக்கு மேற்பரப்பு கூடும். என் 330 வகையில் ஒரு கிராம் எடுத்து, எல்லாத் துகளின் மேற்பரப்பையும் விரித்தால் ஏறக்குறைய 78 சதுர மீட்டர் வரும். பூப்பந்துத் திடல் நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர், பெருக்கினால் சுமார் 82. ஒரு சிட்டிகைக் கரியில் கிட்டத்தட்ட ஒரு திடல்! இதைச் சொன்னால் கடைசி வரிசைப் பையனும் நிமிர்ந்து உட்காருவான்.

இப்போது 100 பங்கு ரப்பருக்கு 50 பங்கு கரி என்று கலக்கிறார்கள். ரப்பர் என்பது மிக நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் சிக்கல். அந்தச் சங்கிலிகள் கரியின் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய ரப்பரைக் கரைப்பானில் ஊறவைத்தாலும் முழுசாகக் கழற்ற முடியாது. கரித் துகள்களும் தனித்தனி உருண்டையாக இல்லை. ஒன்றோடொன்று இணைந்து திராட்சைக் கொத்துபோல் கிளைவிட்டிருக்கும், ரப்பர் அந்தக் கிளைகளுக்குள் மாட்டிக்கொள்ளும்.

சாலையில் உள்ள கூர்மையான கல் டயரைக் கீறும்போது நுண்ணிய விரிசல் ஒன்று ஆரம்பிக்கிறது. வெறும் ரப்பராக இருந்தால் அது நேராக ஓடி ஒரு துணுக்கைப் பிய்த்துவிடும். கரி இருந்தால் வழியெல்லாம் தடை. விரிசல் வளைந்து கிளைவிட்டுச் சக்தியை இழக்கிறது. இழுபட்ட சங்கிலியும் அறுவதற்குப் பதில் கரிப் பரப்பில் சற்று வழுக்கி, சுமையைப் பக்கத்துச் சங்கிலிக்குக் கொடுக்கிறது. செயற்கை ரப்பரான எஸ்.பி.ஆர். வகையில் இதன் பலன் பளிச்செனத் தெரியும்: கரி சேர்த்தால் இழுவலிமை ஏறக்குறைய பத்து மடங்கு கூடும். இயற்கை ரப்பர் தனியாகவே இழுவிசையை நன்றாகத் தாங்கும், ஏன்னா இழுக்கும்போது அதன் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிப் படிகமாகின்றன. லாரி டயரிலும் விமான டயரிலும் இன்றைக்கும் மரத்துப் பால் பெரும்பங்கு வகிப்பது அதனால்தான். ஆனால் சாலைத் தேய்மானத்துக்கு அதற்கும் கரி வேணும்.

ஒரு நிபந்தனை. கரி நன்றாகப் பரவ வேண்டும். கேழ்வரகு மாவைக் கொதிக்கிற தண்ணீரில் அப்படியே கொட்டினால் கட்டி தட்டுமே, அதே கதைதான். நானோ துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக் கட்டியாகிவிட்டால், அந்தக் கட்டியே விரிசல் தொடங்கும் இடமாகிவிடும். விலை உயர்ந்த துகள் வாங்கியும் பிசைவதில் சோம்பல் பட்டால், போடாததை விட மோசம். அதனால்தான் டயர் ஆலையில் முதலில் கண்ணில் படுவது மாவு பிசைவதுபோல் ரப்பரைப் பிசையும் பிரம்மாண்ட இயந்திரம்.

ஒரு சுற்றுக்கு எவ்வளவு தேயும்?

இது கணிதப் பாடத்தோடு இணைக்க நல்ல பயிற்சி. சிறிய கார் ஒன்றின் டயர் சுற்றளவு சுமார் 1.8 மீட்டர். 40,000 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 22 மில்லியன் சுற்று. புது டயரில் பள்ளம் 8 மி.மீ. என்றும், 1.6 மி.மீ. வந்ததும் மாற்றுகிறோம் என்றும் வைத்துக்கொள்வோம். தேய்ந்தது 6.4 மி.மீ., அதாவது 6.4 மில்லியன் நானோமீட்டர். வகுத்தால் ஒரு சுற்றுக்குச் சராசரி 0.29 நானோமீட்டர். இரண்டு கார்பன் அணுக்களைப் பக்கத்தில் வைத்த அளவு!

உண்மையில் டயர் அணு அணுவாகத் தேய்வதில்லை. பல ஆயிரம் சுற்று ஒன்றும் ஆகாதது போலிருந்து, விரிசல் முற்றியதும் ஒரு துணுக்கு கழன்று விழும். சராசரி அவ்வளவு சிறியது என்பதே விரிசல் எத்தனை மெதுவாக வளர்கிறது என்பதற்குச் சாட்சி. பிரேக்கை அடிக்கடி அழுத்துபவர், காற்று குறைவாக வைத்து ஓட்டுபவர் ஆகியோருக்கு இந்தக் கணக்கு பாதியிலேயே முடிந்துவிடும்.

நூலுக்கு வேறு வேலை

டயர் வெறும் ரப்பரும் கரியும் அல்ல. காற்றழுத்தத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் நூலும் கம்பியும். டயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் மேல்பகுதியில் எத்தனை அடுக்கு ஸ்டீல், எத்தனை பாலியஸ்டர், எத்தனை நைலான் என்று அச்சிட்டிருப்பார்கள். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். கூட்டுப்பொருள் என்ற பாடம் பள்ளி வாசலிலேயே நிற்பது தெரியும்.

ஆரம்பத்தில் நெசவுத் துணியைத்தான் வைத்தார்கள். டயர் உருளும்போது பாவும் ஊடும் ஒன்றின் மேல் ஒன்று உரசி, வெளியே தேய்வதற்கு முன் உள்ளேயே அறுந்துபோனது. பிறகு குறுக்கு நூலைக் கைவிட்டு, ஒரே திசையில் போகும் நூல்களை ரப்பருக்குள் புதைத்தார்கள். தேய்மானம் குறைந்தது. இங்கேயும் கதை ஒட்டுதல்தான். நைலான், பாலியஸ்டர் நூல்கள் ரப்பரோடு ஒட்டாது, அதனால் ரப்பர் பாலும் பிசினும் கலந்த குழம்பில் முக்கியெடுப்பார்கள். ஸ்டீல் கம்பிக்குப் பித்தளைப் பூச்சு. ரப்பரில் இருக்கும் கந்தகம் அந்தப் பித்தளையின் தாமிரத்தோடு வினைபுரிந்து, கம்பியையும் ரப்பரையும் கட்டிப்போடுகிறது.

போர்ட் கிள்ளான் சாலையில் ஓடும் கொள்கலன் லாரிகளில் பல, மேல்ரப்பர் தேய்ந்ததும் பழைய உடலுக்குப் புது ரப்பர் ஒட்டிய 'செலுப்' டயரில் ஓடுகின்றன. தரமாகச் செய்தால் அதில் தப்பில்லை. விமான டயருக்கும் அப்படிப் பல தடவை செய்கிறார்கள். நூலின் ஆயுசு வேறு, கரி கலந்த மேல்ரப்பரின் ஆயுசு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நாரே உராய்வைச் சந்திக்கும் பொருள்களும் உண்டு. பிரேக் பேட் அப்படி. மலாக்கா மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் சின், யூசிஃப் இருவரும் கெனாஃப் நாரை எப்பாக்சிப் பிசினில் வைத்து எஃகுத் தட்டில் உரசிப் பார்த்து 2009-இல் வெளியிட்டார்கள். கெனாஃப் நம் புளிச்சக்கீரையின் குடும்பத்துச் செடி. நார் உரசும் பரப்புக்குச் செங்குத்தாக, துடைப்பக்குச்சிகளை நட்டுவைத்தது போல் நின்றபோது பலன் அதிகம்: வெறும் எப்பாக்சியை விடத் தேய்மானம் சுமார் 85 விழுக்காடு குறைந்தது. நார் படுத்திருந்தால் அந்த அளவு பலன் இல்லை, படுத்த நாரைப் பிசினிலிருந்து பெயர்ப்பது சுலபம். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு படி போனார்கள். ஆலையில் குவியும் செம்பனை வெறுங்குலையை நானோ அளவுக்கு அரைத்து, கெனாஃப்-எப்பாக்சியில் 3 விழுக்காடு சேர்த்து அதன் வலிமையைச் சோதித்தார்கள். ரப்பர் தோட்டம் செம்பனைத் தோட்டமான நாட்டில், கரிக்குப் பதில் குலைத்தூள்! டயருக்கு அது இப்போதைக்கு வராது. கூட்டுப்பொருள் பாடத்துக்கு உள்ளூர் உதாரணமாகத் தாராளமாக வரலாம்.

மணலும் நம்ம பாலும்

கறுப்புக் கரிக்கு ஒரு போட்டியாளர் உண்டு: சிலிக்கா, அதாவது மணலின் வேதிப்பொருளை நானோ தூளாக்கியது. 1992-இல் மிஷலின் சிலிக்கா டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உருளும்போது இழக்கும் சக்தி குறைவு, எரிபொருள் மிச்சம், ஈரச் சாலையில் பிடிமானமும் நன்று. டயர்க்காரர்கள் இதை ஒரு முக்கோணமாகச் சொல்வார்கள்: தேய்மானம், ஈரப்பிடி, உருளும் தடை. ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடும் என்பது பழைய அனுபவம்.

சிலிக்காவின் சிக்கல், அதற்குத் தண்ணீர் பிடிக்கும், ரப்பருக்குப் பிடிக்காது. ரெண்டையும் சேர்க்க சிலேன் என்ற தரகர் மூலக்கூறு தேவை. தரகர் இல்லாவிட்டால் சிலிக்கா கட்டி தட்டி, டயர் சீக்கிரம் தேயும். இங்கேதான் மலேசிய ஆய்வு உள்ளே வருகிறது. தரகரைத் தேடுவதற்குப் பதில் பாலையே மாற்றினால் என்ன? ரப்பர் பாலை ஹைட்ரஜன் பெராக்சைடோடும் ஃபார்மிக் அமிலத்தோடும் வினைபுரியவிட்டால், சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளில் ஒரு பகுதியில் ஆக்சிஜன் ஏறிக்கொள்ளும். நூற்றுக்கு 25 பிணைப்பில் ஏறினால் அதற்கு ஈ.என்.ஆர். 25 என்று பெயர். இந்த ரப்பருக்கு சிலிக்காவைப் பிடிக்கும், தரகர் இல்லாமலே ஒட்டும். மலேசிய ரப்பர் வாரியம் இதை எக்கோப்ரீனா என்ற பெயரில் கொண்டுவந்தது. அடிப்படை வேலையில் பெரும்பகுதி இங்கிலாந்தில் வாரியத்துக்குச் சொந்தமான, இன்று துன் அப்துல் ரசாக் பெயரில் இயங்கும் ஆய்வுக்கூடத்தில் நடந்தது.

ஃபார்மிக் அமிலம் என்றதும் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மூக்கில் ஏறும். ஸ்டோரில் பாலைக் கட்டியாக்க ஊற்றிய அதே ஆசிட்தான். பாட்டிமாரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-இல் தொடங்கியது. சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டம் இருந்த நிலம் இன்று குவாசா டமன்சாரா நகர்ப்பகுதி, எம்.ஆர்.டி.யில் இறங்கினால் அங்கேதான் நிற்பீர்கள். 1990 வாக்கில் வரை உலகிலேயே அதிகம் ரப்பர் தந்த நாடு, இன்று விளைவிப்பதை விட அதிகமாக இறக்குமதி செய்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போனால் துன் சம்பந்தன் சாலைக்கு மேலே மோனோரயில் ரப்பர் டயரில் உருளும். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது 1960-இல் தொழிலாளர்களின் காசைச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தோட்டம் வாங்கியவரின் பெயர் அந்தச் சாலைக்கு. நான் அந்தப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் மேலே பார்க்கச் சொல்வேன்.

வகுப்பிலும் வாசலிலும்

சோதனை ஒன்று. பழைய சைக்கிள் டயரின் மேல்துண்டு, அகலமான பழுப்பு ரப்பர் பேண்ட், அழிப்பான் மூன்றையும் ஒரே அளவு மரக்கட்டைகளில் ஒட்டுங்கள். மேலே ஒரு கிலோ சீனிப் பொட்டலம் வைத்து, ஒரே ரக மணல்தாளில் 50 தடவை இழுங்கள். முன்னும் பின்னும் 0.01 கிராம் வரை காட்டும் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். மாறி எது, கட்டுப்படுத்தப்படும் மாறி எது என்று பிள்ளைகளே எழுதட்டும். ஒவ்வொன்றுக்கும் புது மணல்தாள் வேணும், பழைய தாளில் ரப்பர் அடைத்துக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். வெளியே காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், தூளை ஈரத்துணியால் துடையுங்கள், ஊதவேண்டாம்.

அதைவிட அவசரமான சோதனை பள்ளி வாசலில். ஒரு நாள் மழை விட்ட நேரத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு வேனின் பின் டயரில் கம்பி நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "இன்னும் ஒரு மாசம் ஓடும் டீச்சர்," என்றார் ஓட்டுநர். கம்பி தெரிகிறதென்றால் சாலையைச் சந்திக்க வேண்டிய கரி ரப்பர் முழுக்கப் போய்விட்டது, சந்திக்கவே கூடாத பொருள் சந்திக்கிறது. பித்தளைப் பூச்சு உரிந்து தண்ணீர் ஏறினால் கம்பி துருப்பிடிக்கும், ஒட்டு விடும், வெடிக்கும். இதை அவருக்குப் புரியும் மாதிரி சொல்ல எனக்கு அன்று இந்த விவரம் தெரியாது. கோபப்பட மட்டும்தான் தெரிந்தது.

பள்ளத்துக்கு அடியில் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும், உயரம் 1.6 மி.மீ. மேல்ரப்பர் அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மாற்ற வேண்டும். பக்கவாட்டில் நாலு எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தும் ரப்பர் வெடித்து வெளிறியிருந்தால் அது வயதான டயர். சில டயர்களில் தேய்மான எண்ணும் இருக்கும்: 400 என்றால், சோதனைப் பாதையில் 100 எண் கொண்ட டயரை விட நாலு மடங்கு தாங்கும். அது ஒப்பீடு மட்டுமே, இத்தனை கிலோமீட்டர் என்ற உத்தரவாதம் இல்லை. பிள்ளைகள் இதையெல்லாம் குறிப்பெடுக்கலாம். கம்பி தெரியும் டயரில் மட்டும் கை வைக்க விடாதீர்கள், ஊசியாகக் குத்தும்.

இதெல்லாம் முடிந்து அந்த மாணவியிடம் வந்தேன். கரி, பூப்பந்துத் திடல் எல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு அடுத்த கேள்வி: "தேஞ்சு போன ரப்பர் எங்க போச்சு டீச்சர்?"

கணக்குப் போட்டோம். சுற்றளவு 1.8 மீட்டர், அகலம் 14 செ.மீ., தேய்ந்த ஆழம் 6.4 மி.மீ. பள்ளங்களுக்காக மூன்றில் ஒரு பங்கு போலக் கழித்தால், ஒரு டயர் தன் ஆயுளில் இழப்பது ஒரு கிலோவுக்கு மேல்; நாலு டயருக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ. அது தூளாகச் சாலையில் கிடந்து, மழையில் சாக்கடைக்கும் பின் கிள்ளான் ஆற்றுக்கும் போகிறது. டயர் காற்றில் வெடிக்காமல் இருக்க 6பிபிடி என்ற வேதிப்பொருள் சேர்ப்பார்கள். அது காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து மாறும் பொருள், அமெரிக்காவின் மேற்குக் கரை ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020 டிசம்பரில் கண்டுபிடித்தார்கள். மாற்றுப்பொருள் தேடும் வேலை நடக்கிறது. ஆக, டயர் தேயாமலிருப்பது நம் பணப்பையின் விஷயம் மட்டுமில்லை.

அன்று பள்ளி வாகன நிறுத்துமிடத்தில் 14 கார்கள் நின்றன. அவள் நோட்டில் பெருக்கி எழுதினாள்: 70 கிலோ. பக்கத்தில் பத்து கிலோ அரிசிப் பை ஏழு வரைந்து, எல்லாவற்றுக்கும் கறுப்பு வண்ணம் தீட்டியிருந்தாள்.